அப்பாவுக்குக் கொடுத்த ஒரு நாள்

1

இன்று வேலையிடத்தில் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். நான் நோர்வேக்கு வந்து இந்த நிறுவனத்தில் சேர்ந்து ஐந்து வருடமாகிவிட்டதாம். எனக்கு நினைவில்லை. அவர்களுடைய கணினிக்கு நினைவிருந்திருக்கிறது.

நாங்கள் படிவம் செய்கிற ஆட்கள். பிள்ளையைப் பாலர் பாடசாலையில் சேர்ப்பதற்கு, வீட்டு வாசலில் பனி வழிக்கவில்லை என்று முறையிடுவதற்கு, இறந்தவரைப் புதைக்க இடம் கேட்பதற்கு, எல்லாவற்றுக்கும் இந்த நாட்டில் இணையத்தில் ஒரு படிவம் இருக்கிறது. அதை யாரோ ஒருவன் உட்கார்ந்து செய்யத்தானே வேண்டும். எங்கள் மேலாளர் இங்ரிட் என்ற பெண். ஊரில் என்றால் மேடம். வந்த புதிதில் நான் வாய் தவறி "மேடம்" என்று கூப்பிட்டபோது, தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று அவர் திரும்பிப் பார்த்தார்.

அந்த இங்ரிட் இன்று கேக் வெட்டும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பற்றிப் பேசினார். நான் வருவதற்கு முன்னால் படிவங்களில் பாதி வெறுமையாகவே வந்து சேருமாம். நான்தான் சிவப்பு நட்சத்திரத்தைக் கட்டாயமாக்கினேனாம். சில கட்டங்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு நட்சத்திரம் இருக்குமே, அந்தக் கட்டத்தை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாதே, அதுதான். இப்போது வெறுமையான படிவம் ஒன்றுகூட வருவதில்லை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கேக்கை வாயில் வைத்தேன். மிச்சத்தை மேசையில் வைத்தேன். அம்மா என்னோடு பேசாமல் விட்டு ஐந்து கிழமை ஆகிறது. அதற்கும் காரணம் ஒரு சிவப்பு நட்சத்திரம். அதை வைத்தவன் நான் இல்லை, வேறெங்கோ இருக்கும் என் தொழில்காரன் ஒருவன். ஆனால் என்னைக் கேட்டிருந்தால் நானும் வைத்திருப்பேன்.

2

என் அப்பாவும் படிவக்காரர்தான்.

நகரத்திலிருந்து பாலம் கடந்து கல்லடிக்கு வந்தால், அந்த நாளில் பிரதான வீதியில் அப்பாவின் கடை இருந்தது. கொமினிகேசன் என்று சொல்வோம். வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க இரண்டு கூண்டு, ஒரு போட்டோக்கொப்பி இயந்திரம், ஒரு மேசை. கோலில் வந்த வருமானத்தைவிட மேசையைச் சுற்றி நின்ற கூட்டம் பெரிது. அடையாள அட்டை, பாஸ்போட், நிவாரணம், சவூதிக்குப் போகிற பெண்களின் கடுதாசிகள், எல்லாவற்றையும் அப்பா கேட்டுக் கேட்டு நிரப்புவார். பதில் தெரியாத கட்டம் வந்தால் அதற்குள் நடுவில் ஒரு சிறு கோடு இழுத்துவிடுவார். பொய் எழுதமாட்டார், வெறுமையாகவும் விடமாட்டார்.

"வெறுமையா விட்டா வேற ஆரும் எழுதிருவான்" என்பது அவருடைய கதை. சண்டை நடந்த அந்தக் காலத்தில் அது பகிடி இல்லை.

எனக்குப் பதினொரு வயது. ஓட்டமாவடியில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் நல்ல நிலையில் உள்ள பழைய போட்டோக்கொப்பி இயந்திரம் ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, அப்பா காலையில் பஸ் ஏறிப் போனார். திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் அந்தக் கடைக்காரர் தானாகவே விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே அம்மாவுக்குச் சொன்னார்.

"வந்தாரு தங்கச்சி. மெசினப் போட்டுப் பாத்தாரு. தேத்தண்ணி குடிச்சாரு. 'வாகனம் ஒண்டு கொண்டு வாறன் நானா, வேற ஒருத்தருக்கும் குடுத்திராதீங்க' எண்டு சொல்லிட்டு பஸ் எடுக்கப் போனாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவர் அந்த இயந்திரத்தை இரண்டு வருடம் ஒருவருக்கும் விற்காமல் வைத்திருந்தார். மழை படாமல் ஒதுக்கி, துணி போட்டு மூடி. அதைவிட வேறு எவரும் அப்பாவுக்காக எதையும் செய்ததாக எனக்கு நினைவில்லை.

யார் கொண்டுபோனார்கள், ஏன் என்பது இன்றுவரை தெரியாது. பல வீடுகளில் அப்படித்தான். பிறகு சண்டை முடிந்தது, வேறு அரசாங்கம் வந்தது, ஆணைக்குழு வந்தது, மரணச் சான்றிதழ் தருகிறோம் என்றார்கள். அது வேண்டாமென்றால் காணாமற்போனவர் என்று ஒரு சான்றிதழ் தருகிறோம் என்றார்கள். அம்மா இரண்டையும் வாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சொந்தம். கலியாணம் முடித்து ஆண்தான் பெண்ணின் வீட்டுக்கு வருவான். அம்மாவின் நியாயம் அதில் நின்றது.

"அவர் என்ர வீட்டுக்கு வந்த மனிசன். அவர் இல்ல எண்டு நானே எழுதிக் குடுக்கவா?"

3

சான்றிதழுக்குப் பதிலாக அம்மா ஒரு வேலை செய்தார். வருடத்துக்கு ஒருமுறை கிராம சேவகர் வாக்காளர் படிவம் கொண்டுவருவார். வீட்டில் வாக்குரிமை உள்ளவர்களின் பெயரை வீட்டுக்காரர் எழுதிக் கையொப்பம் வைத்துக் கொடுக்க வேண்டும். அம்மா ஒவ்வொரு வருடமும் தன் பெயருக்குக் கீழே அப்பாவின் பெயரை எழுதினார். எனக்குப் பதினெட்டு வயதானதும் மூன்றாவது வரியில் என் பெயர். கிராம சேவகர்கள் மாறினார்கள், எல்லோரும் முதலில் ஏதோ சொல்லிப் பார்த்தார்கள், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

ஆகவே ஒவ்வொரு தேர்தலுக்கும் எங்கள் வீட்டுக்கு மூன்று வாக்காளர் அட்டைகள் வரும். தபால்காரர் அப்பாவின் பெயரைச் சத்தமாக வாசிப்பார். அதைக் கேட்பதற்காகவே அம்மா வாசல் படலைக்குப் போவார் என்று நினைக்கிறேன்.

எனக்கு அந்த வயதில் அரசியலைவிடக் கணினியில்தான் நம்பிக்கை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் படித்தபோது, மாவட்டத்தில் காணாமற்போன எல்லோருடைய பெயரையும் ஒரு தரவுத்தளத்தில் ஏற்றிவிட்டால் உண்மை தானாக வெளியே வந்துவிடும் என்று நம்பினேன். இரண்டு நண்பர்களுடன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டத்தில் உட்கார்ந்திருந்த தாய்மாரிடம் போனேன். பெயர், வயது, ஊர், கடைசியாகக் கண்ட இடம் எல்லாம் ஏற்றினோம். கடைசி நிரலுக்கு 'தற்போதைய நிலை' என்று தலைப்புப் போட்டிருந்தேன். அந்த நிரலில் ஒன்றுமே ஏறவில்லை. தேர்தலுக்கு நின்ற ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, தான் வென்றால் எல்லாவற்றையும் பெரிய கொம்பியூட்டரில் ஏற்றுவதாக மேடையில் சொன்னார். வென்றார். அந்தக் கொம்பியூட்டர் எவ்வளவு பெரியது என்று இன்னும் தெரியவில்லை.

தரவுத்தளத்தில் ஒரு சங்கதி உண்டு. ஒரு கட்டத்தில் பூச்சியம் இருக்கலாம், ஆம் இருக்கலாம், இல்லை இருக்கலாம். இவை ஒன்றும் இல்லாமல், 'தெரியாது' என்று மட்டும் பொருள்படும் ஒரு பெறுமதியும் இருக்கலாம். வகுப்பில் இதைச் சொல்லித்தந்தபோது மற்றவர்கள் தலையைச் சொறிந்தார்கள். எனக்கு ஒரு நிமிடமும் எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் அது தினமும் சாப்பாட்டு மேசையில் இருந்தது.

அதை நன்றாக விளங்கிக்கொண்ட நான்தான் இங்கே வந்து சிவப்பு நட்சத்திரம் வைத்தேன்.

4

அம்மாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அது கண்ணுக்குப் போய்விட்டது. இடது கண் முக்கால்வாசி போய்விட்டது, வலது கண்ணும் நெடுநாள் நிற்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அம்மா அதை எனக்குப் போனில் சொன்னவிதம், கறிக்கு உப்புக் கூடிப்போனதைச் சொல்வதுபோல இருந்தது.

"மனே, புள்ளய நேர்ல ஒருக்காப் பாத்திரோணும். போன்ல எல்லாம் புகையாத் தெரியிது."

புள்ள என்றது என் மகள் ஆரணியை. நாலு வயது. இங்கே பிறந்தவள். தமிழில் பேசினால் நோர்வே மொழியில் பதில் சொல்வாள். அப்பாவின் தாயை இங்கே ஃபார்மூர் என்பார்கள், அப்பாவின் தந்தையை ஃபார்ஃபார். ஆரணிக்கு ஃபார்மூர் என்பது போனில் நெற்றியும் குங்குமப் பொட்டும் மட்டுமாகத் தெரிகிற ஓர் ஆள். அம்மாவுக்குப் போனைத் தூரமாகப் பிடிக்கத் தெரியாது.

மூன்று மாத விசாவுக்கு இணையத்தில் நானே விண்ணப்பித்தேன். ஊரில் என் மச்சான் ரமணன், அம்மாவின் தம்பி மகன், இருக்கிறான். படிவம் நிரப்பும் கடைக்குப் போய்ச் செய்விக்கட்டுமா என்று கேட்டான். "இது என்ர தொழில் மச்சான்" என்று பெருமையாகச் சொன்னேன்.

ஏழாவது பக்கத்தில் அந்தக் கேள்வி வந்தது. விண்ணப்பதாரரின் திருமண நிலை. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். 'திருமணமானவர்' என்று அழுத்தினேன். உடனே மூன்று புதிய கட்டங்கள் திறந்தன: கணவரின் பாஸ்போட் இலக்கம், தற்போதைய முகவரி, தொலைபேசி எண். மூன்றுக்கும் நட்சத்திரம். அப்பாவைப் போலக் கோடு போட்டுப் பார்த்தேன். 'இது சரியான முகவரி அல்ல' என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. இதைவிட நேர்மையாக யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. 'பிரிந்து வாழ்பவர்' என்று அழுத்தினால் நீதிமன்றக் கடுதாசி கேட்டது. செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் தமிழிலேயே கேட்டேன், தந்தை காணாமற்போயிருந்தால் இதில் எதை அழுத்துவது என்று. ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துவிட்டு, மிக நெருக்கமான தெரிவை எடுக்கும்படி சொன்னது.

'விதவை' என்று அழுத்தினேன். ஒரே ஒரு கட்டம்தான் திறந்தது. இறந்த திகதி.

மூன்று கட்டத்தைவிட ஒரு கட்டம் சுலபம் என்றுதான் நினைத்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், வேறொன்றும் நினைக்கவில்லை. கட்டத்தைத் தொட்டதும் ஒரு நாட்காட்டி வந்தது. அது அன்றைய திகதியில் நின்றது. பின்னால் போவதற்கு ஓர் அம்புக்குறி. ஒரு தடவை அழுத்தினால் ஒரு மாதம். கெட்டித்தனமாகச் செய்யத் தெரியாத ஒருவன் செய்த நாட்காட்டி என்று திட்டிக்கொண்டே அழுத்தினேன். ஆரணி பிறந்த மாதம் போனது. நான் விமானம் ஏறிய மாதம். வளாகத்தில் பட்டம் வாங்கிய மாதம், அன்று அம்மா தனியாக வந்திருந்தார். உயர்தரப் பரீட்சை. அப்பாவின் கடைப் பலகையைக் கழற்றிய மாதம். இருநூறு தடவைக்கு மேல் அழுத்தியபின் அந்த மாதம் வந்தது.

அவர் போன நாளில் விரலை வைத்தேன். அழுத்த முடியவில்லை. அன்று காலையில் அவர் உயிரோடு இருந்தாரே. என் சப்பாத்து நாடாவை அவர்தானே கட்டிவிட்டார். ஓட்டமாவடியில் தேநீர் குடித்திருக்கிறார். அந்த நாளை எப்படி அழுத்துவது?

அடுத்த நாளை அழுத்தினேன். அப்பாவுக்கு ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்தேன். படிவம் நன்றி சொல்லி எட்டாவது பக்கத்துக்குப் போனது. சான்றிதழ் ஏதும் அது கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அங்கேயே நின்றிருப்பேன்.

5

கொழும்பில் விண்ணப்பம் கையளிக்கும் இடத்துக்கு ரமணன்தான் அம்மாவைக் கூட்டிப்போனான். அங்கே நடந்ததை அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அம்மா வீட்டிலிருந்த எல்லாக் கடுதாசியையும் ஒரு பிளாஸ்டிக் கோவையில் போட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துப் போயிருக்கிறார். கவுண்டரில் இருந்தது ஒரு தமிழ்ப் பிள்ளை, மரியாதையான பிள்ளை. அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது என்று கண்டுகொண்டு, நான் அனுப்பிய படிவத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிச் சரிபார்த்திருக்கிறாள்.

"அம்மா, உங்கட கணவர் இறந்த திகதி இது, சரிதானே?" என்று திகதியை வாசித்தாள்.

அம்மா கதிரையிலிருந்து எழும்பிவிட்டாராம்.

"என்ன புள்ள சொல்ற? அதுக்கு முதல் நாள்தானே அவர் போன. அடுத்த நாளா? எங்க கிடந்தவராம்? ஆரு கண்டது?"

அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா கண்ணாடித் தடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். "சொல்லு புள்ள, ஆரு கண்டது? வெளிநாட்டு ஆக்களுக்குத் தெரிஞ்சிரிக்கா? உடம்ப எங்கயும் எடுத்தாங்களா?"

"எனக்குத் தெரியா அம்மா. இது உங்கட மகன் நிரப்பினது."

அதற்குப் பிறகு அம்மா உட்கார்ந்துவிட்டார். கோவையைத் திறந்து, அப்பாவின் கடைசி வாக்காளர் அட்டையை எடுத்துத் தடுப்புக்குக் கீழால் தள்ளினாராம். "இவருக்குப் போன தேர்தலுக்கும் ஓட்டு வந்திரிக்கு. இதையும் வெச்சிக்கங்க" என்று மட்டும் சொன்னாராம்.

வீடு வந்து சேர்ந்ததும் எனக்குப் போன் எடுத்தார். குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மனே, அந்தத் திகதிய உனக்கு ஆரு தந்த?"

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"உனக்கு ஏதும் தெரிஞ்சிரிக்கு. நீ கொம்பியூட்டர்ல தேடுற புள்ள. எனக்குத் தாங்காது எண்டு மறைச்சிட்டாய். பறவால்ல, சொல்லு. நான் கேக்கன்."

"அம்மா, ஒருத்தரும் தரல்ல. அந்தக் கட்டத்த நிரப்பாட்டி அது அங்கால போக விடாது. அதால நான்..."

"அப்ப நீ சும்மாவா எழுதின?"

"ஓம் அம்மா."

போனை வைக்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நான் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கொழும்புக் கவுண்டரில் இருந்து வீடு வரும்வரை ஏழு மணித்தியாலம். அந்த ஏழு மணித்தியாலமும் அம்மா பஸ்ஸில், தன் கணவனுக்கு என்ன நடந்தது என்று தெரிந்த ஒருவன் உலகத்தில் இருக்கிறான், அவன் தன் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பதினெட்டு வருடத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே செய்தி அது. அதை நான் சுலபத்துக்காகச் செய்தேன்.

6

பிறகு நிராகரிப்புக் கடிதம் வந்தது. படிவத்தில் உள்ள விபரமும் விண்ணப்பதாரர் நேரில் சொன்னதும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று இரண்டு வரி. அவர்களில் பிழை சொல்ல மாட்டேன். எனக்கே பொருந்தவில்லை. மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று மனைவி ஜனனி சொல்கிறாள். அதற்கு அம்மாவின் கையொப்பம் வேண்டும்.

நான் எடுத்தால் அம்மா எடுப்பதில்லை. அனுப்பும் குரல் பதிவுகளில் இரட்டை நீல அடையாளம் விழும். கேட்கிறார் என்று அதை வைத்து ஆறுதல் பட்டுக்கொள்கிறேன். பிறகு ரமணனிடம் கேட்டால், அவன்தான் போனைத் திறந்து தனக்கு வேண்டியதைப் பார்க்கிறான் என்கிறான்.

போன கிழமை பாலர் பாடசாலையில் குடும்பப் படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். ஆரணி வந்து "ஃபார்ஃபார் எங்க?" என்று கேட்டாள். "தெரியாது" என்றேன். சரியென்று தலையாட்டிவிட்டு ஒரு மூலையில் தொப்பி போட்ட மனிதர் ஒருவரை வரைந்துகொண்டு போனாள். அந்தப் பதிலை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்ட அதிகாரி என் வாழ்க்கையில் அவள் ஒருத்திதான்.

அந்தத் துணிச்சலில் அடுத்த நாள் இங்ரிட்டிடம் போய், எங்கள் படிவங்களில் 'தெரியாது' என்று ஒரு தெரிவைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். அவர் ஆச்சரியப்பட்டார். "அப்படி ஒன்றை வைத்தால் சோம்பேறிகள் எல்லாரும் அதையே அழுத்துவார்கள் என்று நீதானே எழுதித் தந்தாய்?" என்று என் அறிக்கையையே திறந்து காட்டினார். ஆமாம், என் வசனம்தான். நன்றாகவே எழுதியிருந்தேன்.

7

கேக்கின் மிச்சத்தைப் பெட்டியில் கட்டித் தந்தார்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போது ரமணனிடமிருந்து ஒரு படம் வந்தது. இந்த வருட வாக்காளர் படிவம். அம்மா பூதக்கண்ணாடி வைத்துத் தானே நிரப்பினாராம், ஒருவரையும் தொடவிடவில்லையாம். "உனக்குக் காட்டாம இரிக்க ஏலாது மச்சான்" என்று கீழே எழுதியிருந்தான்.

மழையில் திரையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். முதல் வரியில் அம்மாவின் பெயர். எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. இரண்டாவது வரியில் அப்பாவின் பெயர் முழுதாக இருந்தது. மூன்றாவது வரி என்னுடையது. அதில் பெயர் இல்லை. வெறுமையாகவும் இல்லை. கட்டத்தின் நடுவில் ஒரு சிறு கோடு இருந்தது. கண் சரியாகத் தெரியாததால் அது சரிந்து கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் போயிருந்தது.

ரமணனுக்கு எடுத்தேன். அவன் சொல்லத் தயங்கினான். நான் விடவில்லை.

"கிராம சேவகர் கேட்டவர் மச்சான், மகன்ட பேர் எங்க எண்டு. இத்தின வருசமும் 'வருவான், இருக்கட்டும்' எண்டுதானே மாமி சொல்ற..."

"இந்த முறை என்ன சொன்ன?"

"அவன் இரிக்கானா இல்லயா எண்டு எனக்குத் தெரியா, அதான் கோடு போட்டிரிக்கன் எண்டு சொன்னா."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன், கேக் பெட்டி மடியில் இருந்தது. அடுத்த தேர்தலுக்குக் கல்லடி வீட்டுக்கு இரண்டு அட்டைகள் வரும். ஒன்று அம்மாவுக்கு, மற்றது அப்பாவுக்கு.